கோடி உயிரைக் கொதிக்க வைத்த கதை

காலை ஆறு மணி இருபது நிமிடம். கொட்டகைக்குள் நான் முதலில் பார்த்தது ஒன்பது வால்கள். நலமாக இருக்கும் பன்றிக்குட்டிக்கு வால் சுருண்டிருக்கும் என்பதை அந்த வீட்டில் பெண் எடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று ஒன்பதும் நனைந்த திரி போலத் தொங்கின.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெரம்பலூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். கல்யாணமாகி நான்கு மாதம். மாமனார் ஊர் பாடாலூரிலிருந்து இரண்டு மைல். அங்கே வெள்ளைப் பன்றி வளர்க்கலாம் என்று அப்பாவிடம் போராடிக் கொட்டகை போடவைத்தவள் என் மனைவி தனம். கல்யாணத்துக்குப் பிறகும் வாரத்தில் பாதி நாள் அவள் அங்கேதான். பால்குடி மறந்த பன்னிரண்டு குட்டிகளில் மூன்று கழிச்சலில் செத்துவிட்டன.

"மிச்சமும் போச்சுன்னா கொட்டகையப் பிரிச்சிடுவேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். கடப்பாரை தயாராகச் சுவரில் சாத்தியிருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் பையில் ஒரு பொட்டலத்தோடு ரட்சகனாக வந்து இறங்கினேன். முந்தைய நாள் திருச்சியில் கால்நடை வளர்ப்போர் கூட்டம். அங்கே பேசிய மருத்துவர், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கொண்ட ஒரு தூளைக் காட்டினார். அவை குட்டியின் குடலில் தங்கிக் கழிச்சலைக் கட்டுப்படுத்தும், தின்றதை உடம்பில் ஒட்டவைக்கும் என்றார். செய்தி எழுதி அனுப்பிவிட்டு, மாதிரிப் பொட்டலம் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.

"இதுல என்ன இருக்கு மாப்ள?" என்றார் மாமனார்.

"கோடிக்கணக்கான நுண்ணுயிர் மாமா. எல்லாம் உயிரோட இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. "வயித்துல பூச்சி இருந்துதான கழியுது? நீங்க இன்னும் கோடிப் பூச்சி கொண்டாந்திருக்கீங்களே!"

விளக்கியிருக்கலாம். ஆனால் புது மாப்பிள்ளை மாமனாருக்கு விளக்கம் சொல்வதில்லை, செய்து காட்டுவான். (அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.) "கவலப்படாதீங்க மாமா, சுத்தமாக் காய்ச்சியே குடுத்துடறேன்" என்றேன். தூளைப் பாலில் கொட்டி அடுப்பில் ஏற்றி மூன்று பொங்கு பொங்க விட்டேன். ஆறவைத்து ஒன்பது குட்டிகளுக்கும் என் கையாலேயே புகட்டினேன். தனம் அப்போது தீவனம் அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அடுப்படியில் ஆள் இல்லாததை என் அதிர்ஷ்டம் என்று எண்ணினேன்.

இரண்டு நாள் போனது. கழிச்சல் நிற்கவில்லை. இரண்டு குட்டிகள் எழுந்திருக்கவே மறுத்தன. மாமனார் கடப்பாரையைக் கையில் எடுத்தார். தனம் வாசலை மறித்து நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு நாளுப்பா."

"மாப்ள மருந்துக்கே கேக்கல. இனிமே என்னாத்துக்கு?"

அந்த நிமிடத்தில் திருச்சி பஸ்ஸில் பேப்பர் வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் செய்தி. என் மருந்தைக் குறை சொன்ன மனிதருக்கு அச்சிலேயே பதில் வந்துவிட்டது. "தனம், அப்பாவுக்குக் கேக்கறாப்ல சத்தமாப் படி" என்றேன்.

படித்தாள். "இந்தத் தூளை வெதுவெதுப்பான பாலில் மட்டுமே கலக்க வேண்டும். சூடான பாலில் கலந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் இறந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார்."

பேப்பரை இறக்கினாள். "ஏங்க, இத எழுதுனது நீங்கதானே?"

நான்தான். ஒரு எழுத்துகூடப் பிழையில்லாமல் எழுதியிருந்தேன்.

"காய்ச்சினீங்களா?"

"மூணு பொங்கு."

உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "கொதிக்கிற பால்ல யாராச்சும் உறை ஊத்துவாங்களா தம்பி?"

மாமனார் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கோடிக்கணக்குலன்னீங்களே மாப்ள... அம்புட்டையுமா கொன்னுட்டீங்க?"

தனம் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் கேட்டு வாங்கி உதறினாள். மடிப்புகளில் அரைக்கரண்டித் தூள் தேறியது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, விரல் விட்டுப் பார்த்து, தூளைக் கலந்து மூடி வைத்தாள். மறுநாள் காலை அது புளித்து உறைந்திருந்தது. அரைக்கரண்டி, ஒரு சட்டியாகியிருந்தது. உப்புப் போட்ட கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாள். ஒரு கரண்டியை எடுத்து வைத்து அடுத்த நாளைக்கும் உறை ஊற்றினாள். பொட்டலம் தீர்ந்துபோனது, மருந்து தீரவில்லை.

மூன்றாம் நாள் கழிச்சல் நின்றது. ஐந்தாம் நாள் படுத்துக் கிடந்த இரண்டும் தொட்டியில் மற்றவற்றை முட்டித் தள்ளின. எட்டாம் நாள் காலை எண்ணினேன்: ஒன்பது வால், ஒன்பது சுருள். மாமனார் கடப்பாரையோடு வந்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் குழி தோண்டத் தொடங்கினார்.

"என்ன மாமா?"

"கொட்டகைய நீட்டக் கால் நடணும். இத்தனையும் வளந்தா எடம் பத்தாது."

அடுத்த ஈற்றுக்கு அரியலூரிலிருந்து ஆட்கள் வந்து குட்டி கேட்டுப் போனார்கள். "அந்தப் புளிச்ச பாலு எப்படிம்மா செய்யறது?" என்று தனத்திடம்தான் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது.

அந்த வீட்டு விசேஷப் பந்தியில் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கக் கொதிக்க ரசம் வந்தால், யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, "உள்ள யாரும் உயிரோட இல்லியே மாப்ள?" என்பார்.

கொட்டகையில் இப்போது ஆறு அறைகள். எங்கள் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றும் வேலை இதுவரை என்னிடம் தரப்படவில்லை.