மாப்பிள்ளைக்கு அனுப்பிய இரண்டு காதுகள்

சாமி கும்பிடாமல் நான் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அதற்கும் சாமி பொறுப்பல்ல, நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். ஆரப்பாளையத்தில் தவிட்டுக்கடை வைத்திருந்தேன். படிப்பு எட்டாவது. ஆனால் கழுத்தில் கேமராவை மாட்டிவிட்டால் நான் பி.ஏ. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிப் பக்கம் போய், நிற்கிற மாட்டையெல்லாம் படம் எடுப்பேன் (ஓடுகிற மாடு நமக்கு ஆகாது).

தங்கச்சி லட்சுமியின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். பெண் பிறந்து ஒரு வருஷமாகியும் லீவு கிடைக்கவில்லை. பிள்ளையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. வண்டியூர் மாரியம்மனுக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்ததும் லட்சுமி கேட்டாள்:

"அண்ணே, அவருக்குப் படம் அனுப்பணும். ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லவா?"

"நான் இருக்கும்போதா? பிள்ளை முகம் அப்படியே மாப்ள முன்னால வந்து நிக்கும் பாரு."

அன்று காலை குளித்துவிட்டுக் கேமராவைச் சாமி படத்தின் முன்னால் வைத்தேன். தராசு, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பழகிய கை. கேமராவுக்கு நெற்றி எது? நடுவில், வட்டமாக, பளபளவென்று லென்ஸ் இருந்தது. அதிலேயே தாராளமாக ஒரு பொட்டு வைத்தேன். (என் மனைவி "லட்சணமா இருக்கு" என்றாள். இப்போது ஒத்துக்கொள்ள மாட்டாள்.)

கோயிலில் தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பிறகு பிள்ளையை லட்சுமியிடம் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். நான் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை தனியாக மேலே இருந்ததால், எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

படம் கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர், "என்னண்ணே, ஆள் முகத்துல மேகம் இறங்கியிருக்கு?" என்றார். பன்னிரண்டிலும் பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். வட்டத்துக்கு இரண்டு பக்கமும் புதுத் தோடு போட்ட காதுகள். என் குறி ஒரு படத்தில்கூடத் தப்பவில்லை. அவர் லென்ஸை நகத்தால் சுரண்டினார். சந்தனம் வாசனையாக உதிர்ந்தது.

வீட்டில் சொன்னேன்.

"பொட்டை நான் அப்பவே பாத்தேனே!" என்றாள் லட்சுமி.

"பாத்தவ சொல்லக் கூடாதா?"

"நல்லதுக்குத்தானே வச்சிருக்கீங்கன்னு இருந்துட்டேன்."

"எல்லாருந்தான் பாத்தோம்," என்றாள் எங்கள் சித்தி. "நான் கும்பிடக்கூடச் செஞ்சேன்."

லட்சுமி சிரிக்கப் போனாள். அதற்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பிள்ளையைப் பார்க்காமல் கிடக்கிற மனுசனுக்கு எதை அனுப்புவது? கடைசியில், "இதையே அனுப்புறேன். வேற என்ன இருக்கு?" என்றாள்.

பதில் எனக்கே வந்தது. "மச்சான், காது ரெண்டும் நல்லா இருக்கு. நடுவுல உள்ளதைப் பாக்க நானே வாரேன். படத்தைப் பெரிய ஆபீசர்கிட்ட காட்டினேன். சிரிச்சுச் சிரிச்சு லீவுல கையெழுத்துப் போட்டுட்டாரு."

வந்தார். மிரண்டு அழுத பிள்ளையைத் தூக்கி, முதலில் இடது காதைப் பார்த்தார், பிறகு வலது காதை. "இவதான்" என்றார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். கன்னத்தோடு கன்னத்தை வைத்துக்கொண்டார். எடுத்திருந்தால் நல்ல படம்தான், ஆனால் நான் கேமராவைத் தொடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டார்கள். என்னைக் காட்டி அவள் அப்பா சொன்னதை இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது சொல்லிவிடுகிறார்கள்:

"எங்க மச்சான் எடுத்து அனுப்புவாரு. காது ரெண்டும் தெளிவாத் தெரியும். மிச்சத்தை நேர்ல வந்து பாத்துக்கங்க."