திரைக்குப் பின்னால் இருந்த தலை

கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம் குருக்கள்மடம் கிராமத்தில் அற்புதத்துக்குப் பஞ்சமில்லை. வீடிழந்தவர்களின் தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே மின்னொளிச் சுவாமி எழுந்தருளியிருந்தார். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் ஒன்று, கார் பற்றரி ஒன்று, சிவப்பு பல்ப் ஒன்று. மூன்றையும் வயரால் கட்டினால் பரலோகத்துக்கு லைன் கிடைக்குமாம்! ஹெல்மட் போட்ட தலைக்குள் கடலில் செத்தவரின் ஆவி இருந்தால் பல்ப் எரியும். எரியாத தலை இதுவரை வந்ததில்லை. சனம் கல்முனை வீதிவரை நின்றது.

மட்டக்களப்பு மனநல மருத்துவர் அன்னப்பூரணிக்கு வயிறு எரிந்தது. நோயாளியை மயக்கமருந்தால் உறங்கவைத்து, மூளைக்குச் சில வினாடி மின்சாரம் கொடுத்து மீட்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அதற்கு ஊர் கொடுத்த பட்டம் 'ஷொக் டொக்டர்'. அவரது வார்ட்டைக் கண்டு ஓடிய அதே சனம் இங்கே முண்டியடித்தது.

வரிசையில் உதயரூபன், மனைவி கேதீஸ்வரியைத் தோளில் சாய்த்தபடி நின்றான். இரண்டு பிள்ளைகளையும் அலைக்குக் கொடுத்தவள். முதலில் பேச்சை விட்டாள், பிறகு சோற்றை. இப்போது தண்ணீரும் இறங்கவில்லை. அன்னப்பூரணி அவனிடம் போனார்.

"தம்பி, இது ஆவியில்ல, வருத்தம், நோய். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. இல்லாட்டி ஆள் தப்பாது."

"நீங்க கரண்டு குடுத்துச் சாகடிச்சிப்போடுவீங்க, டொக்டர். சாமிட கரண்டு சுடாது."

"சுடாதுதான். அது பல்ப்புக்கு மட்டும்தானே போகுது!"

அவன் நகரவில்லை. அன்னப்பூரணி நின்று பார்த்தார். பெண்கள் திரைக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்தவர் ஹெல்மட்டை மாட்டுவார். சுவாமி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பல்ப்பைப் பார்ப்பார். (அது எப்படி என்று கேட்பது பாவம்.) ஒவ்வொரு முறையும் பல்ப் எரியுமுன் அவரது வலது கால் பெருவிரல் பாய்க்குள் ஒருதரம் அழுந்தியது.

மருத்துவர் தெருக்கடைக்குப் போய், மூடிய கூடையோடு திரும்பினார்.

"பாத்தீங்களா! ஷொக் டொக்டரே என்ட காலடிக்கு வந்திட்டா!" என்றார் சுவாமி.

"எனக்கு அடங்காத கேஸ், சாமி. வாயே திறக்குதில்ல. சாப்பாடுமில்ல."

சுவாமி கண்ணை மூடினார். மருத்துவர் கூடையோடு திரைக்குப் பின்னால் போனார்; ஹெல்மட் மாட்டப்பட்டது. பெருவிரல் அழுந்தியது. பல்ப் எரிந்தது.

"கடல்ல போன கிழவி! மண்டைக்குள்ள இருந்து பால்சோறு கேக்கிறாள்!"

"மண்டைக்குள்ள விதைதானே இருக்கு, சாமி?"

மருத்துவர் திரையை இழுத்தார். கதிரையில், ஹெல்மட்டுக்குள், கொழுத்த பூசணிக்காய் ஒன்று.

கூட்டம் வாயைப் பிளந்தது. "ஆவி பூசணிக்காயிலயும் ஏறும்!" என்று சுவாமி அலறினார். "ஓமோம், ஏறும்," என்று இரண்டுபேர் கும்பிட்டும்விட்டார்கள். சுவாமியின் பெருவிரல் இன்னும் பாய்க்குள் அழுந்தியிருப்பதை உதயரூபன் கண்டான்; போய்ப் பாயைத் தூக்கினான். கீழே, பல்ப்பின் வயரில், ஓர் அழைப்புமணிச் சுவிட்ச். சிரிப்பு வாவிக்கரை வரை கேட்டது. சுவாமி செருப்பையும் விட்டு ஓடினார்.

கேதீஸ்வரி அன்றே ஆஸ்பத்திரி போனாள். சில தடவை மின்சாரம் கொடுத்தபின் ஒரு காலை தேத்தண்ணி கேட்டாள். குடித்து முடித்து, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி முதன்முறையாக அழுதாள். உதயரூபன் பதறினான்.

"அழட்டும்," என்றார் அன்னப்பூரணி. "அழவேண்டிய ஆள்தானே."

யுத்தம் முடிந்த வருடம் சுவாமி வேறோர் ஊரில் தோன்றினார். கையில் கொம்பியூட்டர். காணாமல்போனவர்களைத் திரையில் காட்டுவாராம். மறுபடியும் வரிசை.

வரிசையில் நிற்கிற பெருமக்களே, உங்கள் துக்கத்தை அவனிடம் சொல்லுமுன் ஒன்று கேளுங்கள்: "உன்னைச் சோதித்துப் பார்க்க விடுவாயா?" விடாதவனுக்குச் சாமி என்று பெயர் வைத்தது யார்? நீங்கள்தான்.