என் மருமகனின் மணிக்கட்டு நிலவரம்

கொன்சுவேலோ,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அணி மேலாளர் திரு. அனிபால் கிரூயோன் அவர்களுக்கு, எலாதியோ பெகேரோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகள் யோகாஸ்தா, அவள் கணவனும் உங்கள் பேஸ்பால் அணியில் நான்காவதாக மட்டை பிடிப்பவனுமான எலியேசர், எங்கள் கோழிகள் எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் இரத்தக் கொதிப்பின் சுகத்தையும் அறிய ஆவல்.

அரையிறுதிச் சுற்றுக்கான பெயர்ப்பட்டியலைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றும், எலியேசரைச் சேர்ப்பதா வேண்டாமா என்றும் போனில் கேட்டிருந்தீர்கள். “அவனக் கேட்டா ரெடின்னுவான், டாக்டரக் கேட்டா பாக்கலாம்பாரு. தினமும் வீட்டுல பாக்குறவர் நீங்க, உள்ளதச் சொல்லுங்க” என்றீர்கள். போனில் சொன்னால் யோகாஸ்தா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு எடை போட்டவன் நான். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். பையன் தயாராக இல்லை. இந்த வருஷத்துக்கு அவனை விட்டுவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். நவம்பரில் அந்தப் பந்து மணிக்கட்டில் பட்டு எலும்பு முறிந்தபோது, ஆறு வாரத்துக்குக் காபிக் கோப்பைக்கு மேல் கனமான எதையும் வலது கையால் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்படியே நடந்தோம். என் ஆடும் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். மசித்த வாழைக்காயும் பொரித்த பாலாடைக்கட்டியும் இடது கையாலேயே மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டான். நாலாம் நாள் அவனுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. எனக்கோ டோமினோவில் ஜோடி சேர ஆளில்லை, பழைய ஜோடி மகன் வீட்டோடு போய்விட்டார். டோமினோக் கட்டை காபிக் கோப்பையைவிட லேசுதானே! எடைபோட்டுப் பிழைத்தவனுக்கு அது தெரியாதா? அதனால் முடிதிருத்தும் செஞ்சோவுக்கும் அவன் மச்சானுக்கும் எதிராக நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். ஆனால் டாக்டர் ஒன்றை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நம் ஊரில் கட்டையை யார் மேஜைமேல் வைக்கிறார்கள்? அறைகிறார்கள். மெதுவாக வைத்தால் கையில் சரக்கில்லை என்று அர்த்தம். முதல் நாளே, வரிசையின் இரண்டு முனையிலும் சேர்ந்து ஆட்டத்தை முடிக்கிற கட்டை இவன் கைக்கு வந்தது. தூக்கி ஓர் அறை அறைந்தான் பாருங்கள், மேஜைப் பலகை குறுக்கே பிளந்து, செஞ்சோவின் பீர் முழுவதும் அவன் மடியில்.

“யோவ் எலாதியோ, இவனுக்குக் கை ஒடஞ்சிருக்குன்னுதானேய்யா சொன்ன? மிச்ச பேருக்கெல்லாம் ஒடைக்கிறானே!” என்றான் செஞ்சோ.

“அதான் சொல்றேன், கை அவன் கட்டுப்பாட்டுல இல்ல” என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இப்போது மூன்றாவது மேஜையில் ஆடுகிறோம். இதுவரை தொடர்ச்சியாக நாற்பத்தொரு ஆட்டம் ஜெயித்திருக்கிறோம். அதற்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமில்லை, சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

அவன் இல்லாமல் அணி கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோற்றுவிட்டதே என்பீர்கள். ஓர் ஆள்தான் அணியா? எலியேசர் அடுத்து வரக் காத்திருந்த வரைக்கும் மூன்றாவது ஆளான ஒசிரிஸுக்கு எதிரணி நேராகப் பந்து போட்டே ஆக வேண்டியிருந்தது, அவனும் வெளுத்து வாங்கினான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நாலு பந்தை வேண்டுமென்றே வெளியே போட்டு ஒசிரிஸை முதல் பேஸுக்கு நடக்க விட்டுவிட்டு, அடுத்து வருகிறவரைச் சுலபமாக அவுட்டாக்கிவிடுகிறார்கள். அந்த அடுத்தவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் உங்கள் கொழுந்தியாள் மகன் என்று கேள்வி. அவர் மட்டையோடு வந்தாலே செஞ்சோ ரேடியோவை அணைத்துவிட்டுக் கடைக்கு வந்தவர்களுக்குச் சவரம் பண்ணப் போய்விடுகிறான். இதெல்லாம் பழகிப்போகும்.

உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை டாக்டர் மட்டை பிடித்துப் பழகிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். எடுத்த எடுப்பில் மட்டை வேண்டாம் என்று துடைப்பக் கம்பைக் கொடுத்தேன். தண்ணீர்க் கேனின் பிளாஸ்டிக் மூடியை யோகாஸ்தா தெருவில் நின்று வீசினாள். இந்தத் தெருவில் அவள் வீச்சுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. ஆனாலும் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பிப் பதினோரு ஹோம் ரன் அடித்தவன் ஒரு மூடியைக்கூடத் தொடவில்லை. நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். மூடி கிட்டே வரும்போது அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். யோகாஸ்தா கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் குழாயடியில் முகம் கழுவும்போது, “எலும்பு கூடிருச்சு மாமா. ஆனா பந்து கிட்ட வந்தா நவம்பர்தான் ஞாபகத்துக்கு வருது. இது யாருக்கும் தெரிய வேணாம்” என்றான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை. எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு. “சரி வா, கட்டையக் கலக்குவோம்”னு கூட்டிட்டு வந்துட்டேன். அந்தக் கனத்துக்கு நடுவில், ஜோடி எங்கேயும் போக மாட்டான் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. எடை போட்டவன் அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

ஆகவே அவன் பெயரை எழுத வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தங்கள் வீட்டாருக்கும் கொழுந்தியாள் குடும்பத்துக்கும் என் வணக்கம். மாதாவின் கருணை தங்கள் அணிமேல் இருக்கட்டும், முக்கியமாக எட்டாவது இன்னிங்ஸுக்குப் பிறகு.

இப்படிக்கு,
எலாதியோ பெகேரோ

பி.கு.: கையெழுத்துப் போட்டு, உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். ரேடியோவில் இன்றைய போட்டி. ஒசிரிஸை மூன்றாம் தடவையாக நடக்க விட்டார்கள், உங்கள் சொந்தக்காரர் மூன்றே பந்தில் அவுட்டாகித் திரும்பினார். எலியேசர் கையில் ஜெயிக்கிற கட்டை இருந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான். நாற்பத்தொன்றோடு சரி.

“மூடிய எடு, யோகாஸ்தா.”

“எடுக்குறேன். இன்னிக்கும் கண்ண மூடுன, மூக்குலதான் போடுவேன்” என்றாள் அவள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

முதல் மூடியை விட்டான். இரண்டாவது அவன் காதை உரசிக்கொண்டு போனது, அசையவில்லை. மூன்றாவதை அடித்தான். போன இடம் தெரியவில்லை, செஞ்சோ ஏணி கேட்டுக்கொண்டிருக்கிறான். கண் திறந்துதான் இருந்தது, நான் குனிந்தே பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

மேலே எழுதியது ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்காவது இடத்தில் அவன் பெயரை எழுதுங்கள். வேறு கடிதம் எழுத நேரமில்லை, முனையில் வேன்காரன் ஹாரன் அடித்துக் கத்துகிறான். இதைக் கொண்டுவந்து தங்கள் கையில் கொடுப்பவன் எலியேசர்தான். மாமா தன்னைப் பற்றி உசத்தியாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு தங்கள் முகத்தையே பார்த்தபடி எதிரில் நிற்பான். தயவுசெய்து முதல் பக்கத்திலிருந்தே சிரித்துக்கொண்டு படிக்கவும்.