சாம்பிள் அக்காவின் கதவு

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில், சாம்பிள் அக்கா தட்டிப் பார்க்காத கதவு ஒன்றுகூடக் கிடையாது. திறப்பதற்காக அல்ல, அது என்ன மரம் என்று தெரிந்துகொள்வதற்காக.

விரலை மடக்கித் தட்டுவார். காதை வைப்பார். ஓரத்தில் நகத்தால் ஒரு கீறல். பிறகு தீர்ப்பு. "மாகாணி. தேக்குன்னு சொல்லி தலையில கட்டிருக்கானுவ." நாம் உள்ளேயிருந்து ஓடி வந்து திறப்பதற்குள் அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போயிருப்பார். அந்தத் தெருவுக்குக் குடிபோன புதிதில், தட்டல் கேட்டுத் திறந்தால் ஆளே இல்லை என்றதும் பயந்துபோய்க் கணவருக்குப் போன் செய்து அழுதிருக்கிறேன். அவர் கத்தாரில் இருந்தார். அங்கிருந்துகொண்டு அவர்தான் என்ன செய்வார்? "தாழ்ப்பாளப் போட்டுட்டு படு" என்றார். நான் தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முட்டாக மேசையையும் இழுத்துப் போட்டேன். மறுநாள் காலையில் மேசையைத் தட்டிப் பார்த்து, "இது ரப்பர், முட்டுக் கொடுக்க ஆவாது" என்று சொன்னவர்தான் சாம்பிள் அக்கா. பின்வாசல் வழியாக வந்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கையில் எப்போதும் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் தேக்கு, அயினி, பிலா, ஈட்டி, வேங்கை என்று உள்ளங்கை அகலத் துண்டுகள். ரேஷன் கடையில் பையைக் கீழே வைத்தால் கடகடவென்று சத்தம் வரும். எல்லாம் மரக்கடைகளில் கேட்டு வாங்கிய சாம்பிள்கள். அவரைக் கண்டதும் ஷட்டரை இறக்கிய மரக்கடைக்காரர்கள் உண்டு. ஷட்டரையும் தட்டிவிட்டுத்தான் போவார்.

என் மகனுக்குப் பல் முளைக்கும் பருவத்தில், நான் பால் காய்ச்சித் திரும்புவதற்குள் அந்தப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துவிட்டான். மருத்துவமனைக்குப் போவதா, கூகிளில் பார்ப்பதா, மாமியாருக்குச் சொல்வதா, சொன்னால் என்னைத்தானே சொல்வார்கள் என்று நான் நின்ற இடத்திலேயே நாலாகக் கிழிந்துகொண்டிருந்தேன். அக்கா துண்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அயினிதான் மக்களே. ஒண்ணும் ஆவாது. பிள்ளைக்குக் கொள்ளாம், நல்ல மரம்தான் பாத்து கடிச்சிருக்கான்."

துக்க வீட்டிலும் அவர் இப்படித்தான். தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது எல்லோரும் சவப்பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, அக்காவும் அழுதபடியே குனிந்து பெட்டியின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பெட்டி தூக்க வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எக்கா, பையப் பைய தட்டுங்க. உள்ள கிடக்க ஆளு, 'ஆரு'ன்னு கேட்டு எழும்பிருவாரு."

இத்தனைக்கும் காரணம் அவருடைய வீடு. தெருக்கோடியில், இரண்டு மாடி. கணவர் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் கட்டியது. கிரானைட் தரை, கண்ணாடி ஜன்னல், பூவேலை செய்த கூரை, எல்லாம் உண்டு. முன்வாசலுக்கு மட்டும் கதவும் இல்லை, நிலையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கும். காற்றடிக்கும்போது வீடே மூச்சுவிடுவதுபோல உப்பி உப்பி அடங்கும். நான் அந்தத் தெருவுக்குப் போவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அப்படித்தானாம். எந்த மரம் என்று அக்காவால் முடிவு செய்ய முடியவில்லை என்பார்கள்.

"திருடன் வந்தா என்னக்கா செய்வீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வரட்டு. கதவுக்கு எந்த மரம் கொள்ளாமுன்னு அவங்கிட்டயும் கேக்கணும். நாலு வீட்டுக் கதவ உள்ள புறம் வெளிய புறம் பாத்தவனாக்கும்."

இனி ஒரு டேப்லெட் விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுரக் கட்டைகளால் ஆன ஓர் உலகம். மரத்தை வெட்டி, பலகையாக்கி, வீடு கட்டலாம். விடுமுறை முடிந்து கிளம்பும்முன் என் கணவர் அதை எங்கள் டேப்லெட்டிலும் தன் போனிலும் ஏற்றி, எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் உலகத்தையும் உண்டாக்கிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் அதற்குள் சந்தித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அங்கே ஒரு குன்றின்மேல் சின்ன வீடு கட்டினோம். நிஜத்தில் எங்களுக்கு வீடு கிடையாது. பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது. வெள்ளிக்கிழமைகள் குறைந்தன. மகன் உறங்கும் நேரத்தில் நான் மட்டும் அதற்குள் போய், வீட்டைச் சுற்றி விளக்கு நட்டுவிட்டு வருவேன். கைக்குழந்தைக்காரி விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று யாராவது நினைத்தால்? அதனால் காலடிச் சத்தம் கேட்டதும் டேப்லெட்டைக் கவிழ்த்துவிடுவேன்.

சாம்பிள் அக்காவின் காலடிக்குச் சத்தம் இருந்ததில்லை.

"என்னட்டி அது?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா."

"சும்மாவா? மரம்லா வெட்டுக! நீக்கு, பாக்கட்டு."

அன்று தொடங்கியது. அந்த விளையாட்டில் மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி விழாது. அந்தரத்தில் அப்படியே நிற்கும். அக்கா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடி ஒரு எடம், தலை ஒரு எடம். விழவும் மாட்டேங்கு. இது கல்ஃப்காரன் குடும்பம்லா?"

ஓக், பிர்ச், ஸ்ப்ரூஸ் என்ற பெயர்களையெல்லாம் அவர் ஏற்கவில்லை. ஓக்குக்கு அயினி என்று பெயர் வைத்தார். வெளுத்த பிர்ச் ரப்பர் ஆனது. ஸ்ப்ரூஸ் தேக்கு. இருண்ட ஓக் ஈட்டி. செர்ரி மரம் ரோஸ் நிறத்தில் இருந்ததால் அதற்கு மட்டும் "இது மரமில்ல, பிறந்தநாள் கேக்கு" என்று சொல்லி ஒதுக்கிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்கச் சொன்னார். வெட்டினேன். எல்லா மரமும் உடைய ஒரே அளவு நேரம்தான் எடுத்தன. எது உறுதி என்று கூகிளில் தேடிப் பார்த்து, நிறம்தான் வேறு, உறுதியில் வித்தியாசமே இல்லை என்று வாசித்துச் சொன்னேன்.

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அதெப்பிடி? ரப்பரும் ஈட்டியும் ஒண்ணா? இத உண்டாக்கினவன் பொறந்ததுக்கு ஒரு மரக்கடை வாசல மிதிச்சிருப்பானா? அவனுக்க நம்பர் உண்டா?"

பாதாளத்தில் வளரும் ஒரு மரம் மட்டும் தீப்பிடிக்காது என்று சமாதானத்துக்குச் சொன்னேன். அது தப்பாகப் போயிற்று. "நரகத்தில முளச்ச மரத்தில வாசல் வைக்கவா? சர்ச்சு ஐயரு வந்து ஜெபம் பண்ணுவாரா?"

மரத்தில் வித்தியாசமில்லை என்றானதும் அக்கா கதவுகளை ஆராய ஆரம்பித்தார். அகேசியாக் கதவில் பெரிய ஓட்டைகள், கொசு வரும். ஸ்ப்ரூஸ் கதவு முழுப் பலகை, வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. ஓக் கதவில் மட்டும் மேலே சின்னச் சின்ன சதுரத் திறப்புகள். "இதுவழி வாறது ஆருன்னு பாக்கலாம்" என்று தலையாட்டினார். இந்தப் பரிசோதனையெல்லாம் எங்கள் குன்று வீட்டில்தான் நடந்தது. எப்போதாவது அமைந்த ஒரு வெள்ளிக்கிழமையில் கணவர் உள்ளே வந்து அலறினார்.

"ஏட்டி, நம்ம வீட்டுக் கதவ ஆரு மாத்தினது? அண்ணு வெள்ளையா இருந்துச்சு, இண்ணு கறுப்பா இருக்கு!"

"சாம்பிள் அக்கா."

"இதுக்குள்ளயும் வந்தாச்சா அவிய!"

பிறகு அக்கா எங்கள் குன்று வீட்டுக்கு எதிரே, அடிவாரத்தில், தன் வீட்டையே கட்டினார். இரண்டு மாடி. ஜன்னல் எண்ணிக்கைகூட மாறாமல். முன்வாசலில் ஒரு கதவை வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், எடுத்துவிடுவார். கடைசியில் அந்த இடத்தில் நீலக் கம்பளிக் கட்டைகளை அடுக்கி மூடிவிடுவார். எல்லா மரமும் முடிந்து, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்ற நாளிலும் நீலக் கட்டைதான்.

கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டுவிட்டேன். "எல்லாம் பாத்தாச்சேக்கா. இன்னும் முடிவு பண்ண முடியலியா?"

அக்கா பைக்குள் சாம்பிள்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "வீடு முடிஞ்சா ஒரேயடியா வந்திருவேன்னு சொல்லிட்டுத்தான் மஸ்கட்டுக்கு போனாவ மக்களே. புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்து பின்ன போகமாட்டேன்னு. கதவ வச்சிட்டா வீடு முடிஞ்சுதுல்லா?"

"முடியட்டுமேக்கா."

"முடிஞ்சுதுன்னு சொல்லி, வரல்லன்னா?"

அடுப்பில் கட்டன்சாயா பொங்கி வழிந்தது. அதை இறக்குகிற சாக்கில் நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அக்கா என் சுவர் அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் எனக்கும் மகனுக்கும் விசா வந்தது. அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு முறை அவர் வீட்டுப் பின்வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே கண்டுபிடித்தார். "விளிச்ச ஆளுக்கிட்ட போறதுக்கு என்னட்டி தயக்கம்? போ." அவருடைய போனில் விளையாட்டை ஏற்றி, எங்கள் உலகத்தைத் திறந்து கொடுத்தேன். கார் வந்தது. என் புதுப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்" என்று முகத்தைச் சுளித்தார். அதன்பிறகு முகம் நேராகவேயில்லை. நான் அதைப் பிளாஸ்டிக்கின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இங்கே கத்தாரில் எங்கள் குடியிருப்பு உயரத்தில் இருக்கிறது. கணவர் விடியும்முன் போனால் இருட்டித்தான் வருவார். பகலெல்லாம் நானும் மகனும் ஏசிச் சத்தமும். யாரும் கதவைத் தட்டுவதில்லை. மகன் உறங்கியதும் விளையாட்டைத் திறப்பேன். குன்று வீட்டின் கதவு மாறியிருக்கும். ஒருநாள் ஈட்டி, ஒருநாள் ரப்பர். அக்கா வந்து போயிருக்கிறார், சுகமாயிருக்கிறார் என்று அர்த்தம். எதிர்வீட்டில் எப்போதும் நீலக் கட்டை.

போன மழைக்காலத்தில் சில நாள்கள் கதவு மாறவேயில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. காய்ச்சலோ, விழுந்துவிட்டாரோ, யாரிடம் கேட்பது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு மாலை விளையாட்டைத் திறந்தால் எங்கள் கதவு அப்படியே இருந்தது. எதிர்வீட்டில் நீலம் இல்லை. ஓக் கதவு. அயினி.

மறுபடியும் போன் செய்தேன். எடுத்தார்.

"அக்கா! மஸ்கட்டிலேருந்து அண்ணன் வந்தாச்சா?"

"இல்ல மக்களே."

"பின்ன கதவு?"

"நிசத்திலயும் வச்சாச்சு. காத்தும் மழையும் சேர்ந்து தார்ப்பாயக் கீறிட்டு. கரண்டும் இல்ல, போனும் அணஞ்சு போச்சு. ஹாலு பூரா வெள்ளம். தொடைக்கேன், பின்னயும் அடிக்கி. அப்பம் ஓர்த்தேன், ஆளு இல்லாத வீடுன்னா இப்பிடி கிடக்கலாம். நான் உள்ள இருக்கேன் இல்லியாட்டி?"

"அண்ணன்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வீடு முடிஞ்சுதுன்னு சொன்னேன். பாப்போம்னாவ." பிறகு, "தேக்குதானேன்னு கேட்டாவ. அயினின்னேன். எனக்கு ஆதியில இருந்தே அயினிதான் பிடிக்கும், கேட்டியா. சொன்னதில்ல, அவ்வளவுதான்" என்றார்.

நான் மூக்கை உறிஞ்சியது கேட்டிருக்க வேண்டும். குரல் உடனே மாறியது. "அது கிடக்கட்டு. ஒனக்க வீட்டுக் கதவு என்ன மரம்? போனப் பக்கத்தில வச்சு தட்டு."

தட்டினேன்.

"ஏட்டி, அட்டையாக்கும் அது! அட்டைக்குள்ளயா எனக்க பிள்ளைய வச்சிருக்க?"

போனை வைத்துவிட்டு மறுபடி விளையாட்டுக்குள் போனேன். குன்றிலிருந்து இறங்கி எதிர்வீட்டு வாசலில் நின்றேன். அந்த உலகத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, யாரும் திறந்து நுழையலாம். மேலே இருந்த சின்னத் திறப்பு வழியாகப் பார்த்தேன். உள்ளே ஹாலின் நடுவில் அக்காவின் சதுரத் தலை, மாடிப்படிக் கைப்பிடிக்கு ஈட்டியை வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டிருந்தது.

நான் திறக்கவில்லை. முதலில் தட்டினேன்.