படிகம் குளிர்ந்தது, நான் குதித்தேன்

சந்தோஷம் அளவுக்கு மீறி வந்தால் எனக்குக் கண் தெரியாது. கோபத்தில் கண் தெரியாதவர்களையாவது நாலு பேர் பிடித்து உட்கார வைப்பார்கள். எங்களைப் போன்றவர்களை யாரும் தடுப்பதில்லை.

வேலூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு சின்னப் படிகத்தின்மேல் அடித்தால் மறுபக்கம் ஊதா ஒளி வரும். ஆனால் வெப்பத்தில் படிகத்தின் அணுக்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும் (வேலூர் மே மாதத்தில் யார்தான் சும்மா இருக்க முடியும்?). அந்த நடுக்கம்தான் ஒளியைக் குறைக்கிறது, குளிர வைத்தால் கூடும் என்பது என் கட்சி. மாதக்கணக்கில் முயன்றும் ஒளி கூடவேயில்லை. வேறு தலைப்பு பார்க்கும்படி கைடு சார் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோழி ஷபானாவும் நானும் கடைசியாக முயன்றோம். இருட்டறையில் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு திரவ நைட்ரஜனை ஊற்றினேன். ஒரே வெண்புகை. திரையில் வெப்பநிலை இறங்க இறங்க, ஒளியின் அளவைக் காட்டும் கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது!

“ஷபானா, ஜாஸ்தி ஆகுதுடி!”

“ஏய், நிக்கவே மாட்டேங்குது!”

கட்டிப்பிடித்துக் குதித்தோம். என் போனைக் காணோம். தேட ஏது பொறுமை? அவள் போனில் சாரைக் கூப்பிட்டேன். அவர் ஆம்பூரில், தங்கை மகள் கல்யாணத்தில், தாய்மாமனாக மேடையில் நின்றிருந்தார்.

“சார், பல மடங்கு ஏறிடுச்சு சார்!”

“எதுலயும் கை வைக்காத. இதோ வர்றேன்.”

பட்டு வேட்டியும் மாலையுமாக வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, முறைத்தபடி. திரையைப் பார்த்த சாரும் ஒரு துள்ளு துள்ளினார். அப்புறம்தான் அவருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்தார்.

“லேசரை மறைச்சுக் காட்டு.”

அட்டையை வைத்து மறைத்தேன். கோடு அசையவில்லை.

“இன்னாம்மா இது? லேசரே போகாம வெளிச்சம் வருது?”

ஷபானா மெதுவாகக் கை நீட்டினாள். ஒளியை அளக்கும், மூடாத டிடெக்டர் பெட்டியைப் பார்த்தபடி, டார்ச் எரிய எரிய என் போன் படுத்திருந்தது. புகை விலக விலக அந்த வெளிச்சம்தான் கூடியிருக்கிறது. லேசரா? ஊற்றும்போது பாதுகாப்புக்காக நானே மூடிய ஷட்டரைத் திறக்கவேயில்லை. பூமி பிளந்திருந்தால் நானே முதலில் குதித்திருப்பேன்.

சார் டார்ச்சை அணைத்தார், பெட்டியை மூடினார், ஷட்டரைத் திறந்தார். படிகம் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. கோடு வழக்கத்தைவிட உயரத்தில் நின்றது. கொஞ்சம்தான். ஆனால் லேசரை மறைத்தால் விழுந்தது, விட்டால் எழுந்தது. நிஜம்!

மூன்று பேரும் குதித்தோம்.

“இதுக்குக் குதிக்கலாமா, இல்ல இன்னொரு டார்ச் இருக்கா?” என்றார் சாரின் மனைவி.

எனக்குப் பட்டம் கிடைத்தது. சார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் மட்டும், தாலி கட்டும் படத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் மணப்பெண் அதில் விரல் வைத்துச் சொல்கிறாள்:

“இது எங்க மாமா. டார்ச் லைட்டு பாக்க வேலூருக்குப் போய்ட்டாரு.”