வேலூரில் மழையா?

மனித உடம்பில் மூளையைவிட மானமுள்ள உறுப்பு சிறுநீர்ப்பைதான் என்பது என் கட்சி. மூளைக்கு வெட்கமே கிடையாது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று உளறச் சொன்னாலும் உளறும். என் சிறுநீர்ப்பை அந்த ஜாதி அல்ல. வாசலில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். கெஞ்சினாலும் வராது.

பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைகளில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் "ஒண்ணா, ரெண்டா?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பாரே, அந்த இடத்திலேயே எனக்கு இரண்டும் மறந்துபோகும். ஒருமுறை சென்னையில் உறவுக்காரக் கல்யாணம், பெரிய ஓட்டல். அங்கே கோட்டு போட்ட ஒருவர் எனக்காகக் குழாயைத் திறந்து, கையில் துண்டோடு, பின்னால் பணிவாக நின்றார். அந்தப் பணிவுக்கு முன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டு, அவருக்கு டிப்ஸும் கொடுத்துவிட்டு (எதற்கு என்று அவருக்கும் விளங்கியிருக்காது), எங்கள் ஊர் ஆம்பூர் வரை அப்படியே வந்து சேர்ந்தேன். வழியில் வேகத்தடை போட்டவர்கள் எல்லோரையும் அன்று பெயர் தெரியாமலே சபித்தேன்.

இந்தப் பின்னணியோடுதான் வேலூர் லேப் விஷயத்துக்கு வரவேண்டும்.

நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்த கையுறை ஏற்றுமதி ஏஜென்சியை மூடிவிட்டார்கள். வேலையில்லாத இருபது வயதுக்காரனைப் பற்றி ஊர் "பையன் தேடிக்கிட்டு இருக்கான்" என்று சொல்லும். நாற்பதை நெருங்கியவனைப் பற்றி "வீட்லதான் இருக்காரு" என்று சொல்லும். (அந்த 'தான்' மிகவும் கனமானது.) என் மனைவியின் தம்பி சேகர் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் யார் யாரிடமோ பேசி, ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு ஒரு இடம் பிடித்துவிட்டான். பாக்கி ஒன்றுதான்: மெடிக்கல் சர்டிபிகேட். ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். அதில் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு என்று தெரிந்ததிலிருந்து, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று கடைசி நாள் வரை தள்ளினேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் காகிதம் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

"மாமா, உன் கால்ல வேணா விழறேன். இன்னிக்குக் கிளம்பு" என்று சேகர் என்னைப் பைக்கில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுவந்தான். கத்திரி வெயில். வேலூரில் கத்திரி வெயில் என்றால் நிழலும் சுடும்.

லேப் சின்னதுதான். ரத்தம் கொடுத்தேன், எக்ஸ்ரே எடுத்தேன், கண் டெஸ்ட் எழுத்துகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. கடைசியாக விரல் உயர டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, நடைபாதைக் கோடியைக் காட்டினார்கள். அங்கே கழிப்பறைக் கதவுக்கு முன்னால், பிளாஸ்டிக் ஸ்டூலில், நீலப் புடவையில் ஒரு அம்மா. பெயர் ரெஜினா. எல்லோருக்கும் ரெஜினா அக்கா.

"தம்பி, கம்பெனி கேஸா?" என்றார்.

"ஆமாங்க்கா."

"அப்ப தாப்பா போடக்கூடாது. கதவ சாத்திக்க, நான் இங்கதான் குந்திகினு இருப்பன்."

காரணத்தையும் சொன்னார். எனக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான், தனக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்க, தம்பியின் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாராம். அன்றிலிருந்து கம்பெனி ஆட்களுக்குக் காவல். உள்ளே குழாயையும் வெளியிலிருந்தே மூடிவிடுவார்கள். "நீ போ தம்பி. நான் இந்தப் பக்கம் பாத்துகினு இருக்கன். நீ ஒண்ணும் கூச்சப்படாத" என்றார். கூச்சப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகு வருகிற கூச்சம் இருக்கிறதே, அது தனி ரகம்.

உள்ளே போனேன். நின்றேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் காவலுக்கு வைத்தது போலத்தான் பார்த்தது.

"ஆச்சா தம்பி?"

"இன்னும் இல்லக்கா."

"மெதுவா, மெதுவா."

வெளியே வந்தேன். சேகர் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். மறுபடி உள்ளே போனேன். "ஆச்சா தம்பி?" மறுபடி வெளியே வந்தேன். இன்னொரு பாட்டில். இப்படிப் போவதும் வருவதுமாக, நடைபாதையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் என் பிரச்சினையைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள். வைத்தியத்துக்காகக் கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், "பானி, பானி" என்று தன் பாட்டிலையே நீட்டினார். ஒரு அம்மா, "புள்ளைங்களுக்குச் செய்ற மாதிரி விசில் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். சேகர் உடனே விசில் அடித்தான். பெரியவரும் சேர்ந்து அடித்தார். தேச ஒருமைப்பாடு பற்றிப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை கட்டுரை எழுதியிருக்கிறேன். அது இந்த வடிவத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"மணி ரெண்டாவுது மாமா. ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம் ஆவும். அப்புறம் ஆம்பூர் போவணும். பேஜார் பண்ணாத" என்றான் சேகர், விசிலுக்கு நடுவில். அரைப் பாட்டில் தண்ணீரை என் பேண்ட் பாக்கெட்டில் திணித்தான். "உள்ள வெச்சுக் குடி."

கடைசி முயற்சியாக உள்ளே போனேன். அக்கா என்மேல் இரக்கப்பட்டு நடைபாதை வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வருமாம். வரவில்லை. என் பெண்டாட்டி முகம் ஞாபகம் வந்தது. காலையில் அவள் என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "சாயங்காலம் நல்ல சேதியோட வாங்க" என்று சொல்லியிருந்தாள். இந்த வேலை போனால் போனதற்கான காரணத்தை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

அப்போது வெளியே போன் அடித்தது. அக்கா குழாயை மூடினார்.

"சொல்லுப்பா... அதெல்லாம் முடியாது. எம் பேரனுக்கு எம் வூட்டுக்காரர் பேருதான்... ஞானமுத்துன்றதுல இன்னா கொறச்சல்? ரயானாம், ரயான். ஃபேன் கம்பெனி பேரு மாதிரி இருக்குது..."

குடியாத்தத்திலிருந்து மருமகன். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் தகராறு. அக்கா என்னைச் சுத்தமாக மறந்துவிட்டார். நானும் என்னை மறந்துவிட்டேன். ரயான் ஞானமுத்து என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன, பள்ளிக்கூடத்தில் பையன்களின் கிண்டலைத் தாங்குவானா என்றெல்லாம் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது, அணை திறந்தது.

டப்பா ஒரு நொடியில் நிறைந்தது. அதன் பிறகும் மூன்று பாட்டில் தண்ணீர் பாக்கி இருந்தது. நிறுத்துவது என் கையில் இல்லை. தகராறு ஓய்ந்த பிறகுகூட நான் ஓயவில்லை.

டப்பாவோடு வெளியே வந்தபோது நடைபாதையே மகிழ்ந்தது. கல்கத்தா பெரியவர் கைகுலுக்க வந்து, என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டார்.

லேப் பையன் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அதன் வழியாக எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரின் தேதி தெளிவாகத் தெரிந்தது.

"சார், இது தண்ணி."

"இல்லப்பா, நிறையக் குடிச்சேன். அதனால..."

"கலரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்கெட்ல இன்னா பாட்டிலு?"

நடைபாதை மொத்தமும் என் பேண்ட் பாக்கெட்டைப் பார்த்தது.

"தொட்டுப் பாரு தம்பி, சூடா இருக்கு" என்று என் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"வேலூர்ல மே மாசத்துல பாட்டில் தண்ணி இன்னா சார் ஜில்லுனா இருக்கும்?" என்றான். நியாயமான கேள்வி. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினான். "நீங்க பாத்துகினுதான இருந்தீங்க? போன்ல பேசிகினு இருந்தா மாதிரி இருந்துச்சே."

அக்காவின் முகம் சுருங்கியது. காவல் நேரத்தில் போன் பேசியது அவருக்கும் வம்பு. போனே பேசவில்லை, உள்ளே அவன் என்ன செய்தானோ தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். பழி என்மேல் விழும். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஆமா, பேசிகினுதான் இருந்தன். அதுக்கு இன்னா இப்ப? பேசிகினு இருக்கறப்பவே எம் மருமவன் கேக்கறான், 'இன்னா அத்தை, வேலூர்ல மழையா'ன்னு. நான் வெளிய பாக்கறன், வெயிலு பொளக்குது. அப்புறம்தான் புரிஞ்சுது, தம்பிக்கு ஆயிடுச்சுன்னு."

"அக்கா, அது வந்து..."

"இரு. அவனையே கேளு." மருமகனுக்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை, பேர் விசயத்துல நான் மாற மாட்டன்" என்றது போன், எடுத்த எடுப்பில்.

"அத வுடு. மழை சத்தம் கேட்டுதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"கேட்டுதே. நல்ல மழை."

"எவ்ளோ நேரம்?"

"வேலூர்ல பெஞ்சா இங்கயும் வரும்னு, மாடியில துணிய எடுக்கச் சொல்லிட்டு வந்து மறுபடி காதுல வெச்சன். அப்பவும் பெஞ்சிகினு இருந்துச்சு. ஏன் அத்தை?"

அக்கா லேப் பையனைப் பார்த்தார். "அந்தப் பாட்டில்ல இருந்து ஊத்தினா அவ்ளோ நேரம் ஊத்த முடியுமா? நீயே சொல்லு."

முதலில் சிரித்தது சேகர். பிறகு விசில் அம்மா. யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, கல்கத்தா பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். லேப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவை உள்ளே எடுத்துப் போனான். அடக்கியது போதவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

ஐந்து மணிக்குள் காகிதம் போய்ச் சேர்ந்தது. வேலை கிடைத்தது. இன்றுவரை அதே நாற்காலிதான். ஆனால் நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சேகர் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். அன்றிலிருந்து நான் குளியலறைக்குள் கொஞ்சம் நேரமெடுத்தால் வெளியிலிருந்து குரல் வரும்: "வேலூர்ல மழையா?" வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக்கூட இந்தக் கதை தெரியும். காபி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் கம்பெனி வேலையாக வேலூர் போயிருந்தேன். திரும்பும் நேரத்தில் நிஜமாகவே வானம் கிழிந்துகொண்டு ஊற்றியது. கடையோரம் ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"வேலூர்ல செம மழை. அந்தப் பக்கமும் வரும் போல இருக்கு. மாடியில துணி காயுது, எடுத்துடு."

மறுமுனையில் என் மனைவி மகளிடம் சொல்வது கேட்டது: "அப்பாவுக்கு ஆயிடுச்சாம்." இரண்டு பேரும் சிரித்து முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

நான் நனைந்து ஆம்பூர் வந்து சேர்ந்தபோது மாடிக் கொடியில் ஒரு வாரத் துணி என்னைவிட அதிகமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குடியாத்தத்தில் முகம் தெரியாத ஒரு மனிதர் என் சத்தத்தை மட்டும் நம்பித் துணியை எடுக்கச் சொன்னார், சொந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னதற்கு இந்த மரியாதையா என்று கேட்டேன்.

மனைவி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "உங்க மழைய எவ நம்புவா? அடுத்த வாட்டி ரெஜினா அக்காவப் பேசச் சொல்லுங்க."