அமரில்லிஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

தண்ணீர் இறைக்கும் பம்புசெட் விற்றுத்தான் கோயமுத்தூரில் குடும்பம் நடத்துகிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். (சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் இருமுவதுபோல் சிரித்தார்.)

செடி என் மாமனாருடையது. பெரிய வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து தண்டு கிளம்பி, திருவிழா ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி சிவப்பாகப் பூக்கும் அமரில்லிஸ். அதை வீட்டுக்குள்ளேயே வளர்த்து, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வருடம் தவறாமல் பூக்க வைப்பது அவர் பெருமை. அவர் இறந்தபின் மிஞ்சியது ஒரே தொட்டி. மூத்த மகளின் பிரசவத்துக்காக ஈரோடு கிளம்பிய மாமியார் அதை என் கையில் கொடுத்தார்.

“இலையெல்லாம் காஞ்சிருச்சுங்க மாப்பிள்ளை. இனி எட்டு வாரம் இருட்டுல தூங்கோணும். ஒரு சொட்டுத் தண்ணி ஆகாதுங்க. நான் வந்து எழுப்பிக்கறேன்.”

“என்னைய நம்பி உட்டுட்டுப் போங்க அத்தை” என்றேன். கல்யாணமாகி ஆறு மாதம். அவரிடம் நல்ல பெயர் வாங்க எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது.

தொட்டியை மாடிப்படிக்கு அடியில் வைத்து, வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்வதை முகத்துக்கு நேராக மறுக்கும் வழக்கம் இல்லை. ஆனைமலையில் தோப்பு வைத்திருந்த அப்பா “செரி கண்ணு” என்றார். வேலைக்கு வரும் பாப்பாத்தியக்கா “செரீங்க” என்றார். மனைவி ஸ்டெல்லாவும் “செரீங்க.”

எட்டாவது வாரம் மாமியார் வந்தார். தொட்டியைத் தூக்கினேன். பம்புசெட் கனம் கனத்தது. அவர் கிழங்கைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. கூடம் முழுக்க அழுகல் வாடை.

“ஆருங்க தண்ணி ஊத்துனது?”

“காஞ்ச மண்ணப் பாத்தா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க சம்பந்தியம்மா” என்றார் அப்பா. “தெனமும் ஒரு டம்ளர்தானுங்க.”

“பாத்திரங் கழுவறப்ப நானும் துளி ஊத்திப்போட்டேனுங்க” என்றார் பாப்பாத்தியக்கா. “பாவமா இருந்துச்சுங்க.”

ஸ்டெல்லா அழுதே விட்டாள். “அப்பா செடியாச்சேம்மா. மனசு கேக்கல.”

மாமியார் என் பக்கம் திரும்பினார். “நீங்க மாப்பிள்ளை?”

“ஞாயித்துக்கெழம மட்டுமுங்க. பூசை முடிஞ்சு வந்து... ஒரு சொம்பு.”

ஒரு மனிதர் ஆசையாக விட்டுப்போனதை நாலு பேரும் சேர்ந்து மூழ்கடித்திருக்கிறோம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாதி அழுகை, பாதி சிரிப்பு என்று சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. பிறகு கத்தி வாங்கி அழுகலைச் சீவினார். ஓரத்தில் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு குட்டிக் கிழங்கு மட்டும் உயிரோடு இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றித் தன்னோடு எடுத்துப் போனார்.

அது பூக்க மூன்று வருடம் ஆனது. அதற்குள் எங்கள் வீட்டில் யாராவது சட்டென்று “செரீங்க” என்றால், “எத்தனை டம்ளர்?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு மாமியார் மடியில் தொட்டியோடு காரிலிருந்து இறங்கினார். நான்கு பூக்கள். குடிலுக்குப் பக்கத்தில் வைத்ததும் மாமனாரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில், “இனி இத நாங்களே பாத்துக்கறோமுங்க அத்தை” என்றேன்.

“செரீங்க மாப்பிள்ளை” என்றார், மிகுந்த மரியாதையோடு.

அன்று சாயங்காலமே தொட்டியைத் தான் தங்கியிருந்த அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.